பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னவள்

பூதக்கண்ணாடி என்ற பெயர் குடும்பத்தில் முதன்முதலாகக் காதில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். பெரிய மாமாவின் இரண்டாவது மகளுக்குப் பிரசவம். பெஞ்சில் இடம் போதாமல் சொந்தக்காரர்கள் மாடிப்படி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர், “என்ன, பூதக்கண்ணாடி இன்னும் வரலையா?” என்று கேட்டார். சின்னத்தை தன் பையைத் துழாவி, “என்கிட்ட மூக்குக்கண்ணாடிதான் இருக்கு, போதுமா?” என்றாள். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அப்புறம்தான் தெரிந்தது, தேடியது பொருளை இல்லை, ஆளை. யார் அந்த ஆள் என்றால், மூன்றாவது பெரியப்பாவின் கடைசி மகள்; லிஃப்ட் மெக்கானிக்குக் கட்டிக்கொடுத்தார்களே, அவள்தான். பிறந்தபோது வைத்த பெயரும் நல்ல பெயர்தான். அதைச் சொல்லிக் கூப்பிட இப்போது நாலு பேர்கூட மிச்சமில்லை.

அந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். அவள் கணவரின் அண்ணனான மூத்தார் வீட்டில் சொல்வது ஒரு விதம், அடுத்த வீட்டு நர்ஸக்கா சொன்னது ஒரு விதம். நடந்தது இதுதான்.

அவள் பன்னிரண்டு வருஷம் ஒரு டைப்பிங் ஆபீசில் வேலை பார்த்தாள். எக்ஸ்ரே டாக்டர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசிப் பதிவு செய்வார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடித்துக் கொடுக்க வேண்டும். டாக்டர் தும்மினாலும் கேட்கும், பக்கத்தில் இருப்பவரைத் திட்டினாலும் கேட்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு மீதியை அடிக்கத் தெரிய வேண்டும். ஒரு நாள் முதலாளி கட்டடத்தை விற்றுவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். மேசை நாற்காலிகளை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூன்று பழைய கம்ப்யூட்டர்களும், எருமைக்கன்று கணக்காக ஒரு பழைய பிரிண்டரும் மட்டும் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தன. அவள் ஒரு சின்ன வேனைப் பிடித்து எல்லாவற்றையும் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கினாள்.

கணவர் அப்போதுதான் வேலை முடிந்து, கையில் கிரீசோடு வந்து நின்றார்.

“இதுங்க எந்திரிக்குமா?”

“எந்திரிக்க வெக்கறேன்.”

“உள்ள இருந்ததெல்லாம் தொடச்சு எடுத்துட்டாங்களாமே. ஒரு ஞாபகமும் இல்லையாம்.”

“நல்லதாப் போச்சு. பழச நெனச்சுக்கிட்டே இருக்கறவங்களோட குடித்தனம் பண்றதுதான் கஷ்டம்.”

அவர் பிரிண்டரின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்த மனுஷர் எப்போதும் அப்படித்தான். பேச்சில் கால்பங்கு, கையில் முக்கால்பங்கு.

அவள் மனசில் ஒரு கணக்கு இருந்தது. ஆபீஸ் மூடிவிட்டது, ஆனால் டாக்டர்கள் பேசுவதை நிறுத்தவில்லையே. ரிப்போர்ட் வேலை முழுக்க ஒரு பெரிய ஸ்கேன் மையத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அதை வீட்டிலேயே செய்துவிட்டால் என்ன? அடிப்பதற்கு நாத்தனார் இருக்கிறாள். சரிபார்க்க, அடுத்த வீட்டு நர்ஸக்கா இருக்கிறாள். முப்பது வருஷம் வார்டில் நின்றவள், டாக்டர் வாய்க்குள்ளேயே முழுங்கும் நோயின் பெயரைக்கூடப் பிடித்து இழுத்து வெளியே போடுவாள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் வீட்டில் மூன்று பேர்: மூத்தார், அடுத்து கணவர், கடைசியில் இவள். நாற்பது வயதானாலும் வீட்டில் பாப்பாதான். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனது. ஊன்றுகோல் உண்டு. கல்யாணம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. பதினோரு வருஷம் மூத்தார் வீட்டில், சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் இருந்தாள். காலையில் எல்லோருக்கும் டிபன் கட்டுவதிலிருந்து ராத்திரி பால் உறைக்கு ஊற்றுவது வரை அவள் கைதான். “அவளுக்கு என்ன கொறச்சல், வீட்டோட இருக்கா” என்று மூத்தாரின் மனைவி சொல்வாள். மூத்தாரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தங்கைக்கு வருஷம் தவறாமல் புது ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அதை ஊன்றிக்கொண்டு அவள் எங்கே போவாள் என்று ஒரு நாளும் யோசித்தவர் இல்லை.

இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று சின்னண்ணன் வீட்டுக்கு வந்தவள் ஐந்தாவது மாதமாக இருந்தாள். பூதக்கண்ணாடி அவளுக்கு டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தாள். பாப்பாவுக்குக் காது கூர்மை. விரல் அதைவிடக் கூர்மை. சமையலறையில் இருந்தால் அது யாருக்குத் தெரியும்?

ஸ்கேன் மையத்தின் மேனேஜரம்மாவைப் பூதக்கண்ணாடி போய்ப் பார்த்தாள். கண்டிப்பான பெண்மணி. சிரிப்பைக்கூடக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவாள் போலிருக்கும்.

“குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா டிஸ்க்குல காப்பி பண்ணி ஒரு மிஷின்லேருந்து இன்னொண்ணுக்குக் கையில தூக்கிட்டுப் போற பழக்கம் இருக்கக் கூடாது. போன வருஷம் அப்படித்தான் ஒருத்தரோட நுரையீரல் இன்னொருத்தர் கவருக்குள்ள போயிடுச்சு. எல்லாம் ஒரே மிஷின்ல இருக்கணும், மத்தவங்க அங்கேருந்தே எடுத்துப் பாக்கணும். அப்புறம், திருட்டு சாஃப்ட்வேர் ஒண்ணுகூட வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. ரெண்டு வாரம் தர்றேன். ரெண்டாவது சனிக்கிழமை பத்து மணிக்கு நானே வந்து பாப்பேன்.”

திருட்டு இல்லாமல் மூன்று இயந்திரத்துக்கும் விண்டோஸ் வாங்குவதென்றால் கழுத்தில் கையில் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். மூத்தார் தன் சிநேகிதரிடமிருந்து ஒரு டிஸ்க்கைக் கொண்டுவந்தார். பிரவுன் கவர், மேலே பேனாவில் ஓர் எண்.

“இத மூணுலயும் போடு. யாரு கேக்கப் போறா?”

“அந்தம்மா கேப்பாங்க, பெரியத்தான்.”

“கேட்டா, வாங்கினதுன்னு சொல்லு.”

“வாங்காதத வாங்கினேன்னு எப்படிச் சொல்றது?”

“ஊரெல்லாம் சொல்லுது.”

“ஊர சனிக்கிழமை பத்து மணிக்கு யாரும் வந்து பாக்கப் போறதில்லையே.”

டிஸ்க்கை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

பழைய ஆபீசில் ஒருத்தர், விண்டோசுக்குப் பதிலாகப் போடலாம் என்று லினக்சைப் பற்றிச் சொல்லக் கேட்டிருந்தாள். இலவசம், யாரும் யாருக்கும் காப்பி எடுத்துக் கொடுக்கலாம், சட்டப்படி தப்பில்லை. பழைய பேப்பர் கடையில் கம்ப்யூட்டர் மாதப் பத்திரிகை ஒன்று கிடைத்தது. பின் அட்டையில் ஒட்டியிருந்த டிஸ்க்கைக்கூட யாரும் பிரிக்கவில்லை. அதைப் போட்டாள். மூன்றும் எழுந்துகொண்டன. ஆனால் எழுந்துகொண்டால் போதுமா? ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். பேசுவதற்கு ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டு வேண்டும். லினக்சுக்கு எல்லாக் கார்டும் ஒத்துவராது. கார்டு செய்கிறவர்கள் விண்டோஸ்காரர்களுக்கு மட்டும் டிஸ்க் வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். லினக்சுக்கு, எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் தாங்களே முயன்று பார்த்து, இது ஓடும், இது ஓடாது என்று பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலை அவள் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நாற்பது பக்கம் அச்செடுத்து, ஓரத்தில் நூல் கோத்துத் தைத்து வைத்துக்கொண்டாள்.

பட்டியலில் இருந்த ஒரு கார்டின் பெயரை எழுதிக்கொண்டு கடைக்குப் போனாள். நீலப் பெட்டி, மேலே வெள்ளைப் புறா படம். கடையில் இரண்டுதான் இருந்தது, மூன்றாவது அடுத்த வாரச் சரக்கில் வரும் என்றார் கடைக்காரர். இரண்டை வாங்கிவந்து மாட்டினாள். கணவர் நிலைக்கு மேலே, சுவர் ஓரமாக, லிஃப்ட் வயருக்கு அடிக்கும் கிளிப்பை அடித்துக் கேபிளை இழுத்தார். உள்ளே எட்டு மெல்லிய வயர், எட்டு நிறம். வரிசை மாறாமல் முனைப் பிளக்கில் சொருகிக் குறடால் இறுக்க வேண்டும். அவருக்கு அது பழக்கமான வேலை.

“லிஃப்ட்லயும் இதே கதைதான். ஒரு வயர் எடம் மாறுச்சுன்னா மூணாவது மாடின்னு அமுக்கினா கீழ கொண்டு போய் விடும்.”

இரண்டு இயந்திரமும் முதல் தடவையிலேயே பேசிக்கொண்டன. ஒன்றிலிருந்து கூப்பிட்டால் மற்றது ‘இருக்கேன்’ என்று திரையில் வரிவரியாகப் பதில் அனுப்பியது. எல்லா ரிப்போர்ட்டையும் வைத்திருக்கும் இயந்திரத்துக்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். அது முதலில் எழுந்தால்தான் மற்றவை வேலை செய்யும். பாப்பா அடிக்கும் இயந்திரம் மருமகள். நர்ஸக்கா பிளாஸ்திரி நாடாவைக் கிழித்து, பெயரை எழுதி, நெற்றியில் ஒட்டினாள்.

“மருமக கூப்பிட்ட உடனே மாமியார் பதில் சொல்ற வீட்ட என் ஆயுசுல இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்றாள் அவள்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது கார்டு வந்தது. அதே நீலப் பெட்டி. அதே புறா. பின்கட்டு அறையில், நர்ஸக்கா சரிபார்க்கும் இயந்திரத்தில் மாட்டினாள். கேபிளெல்லாம் வந்து சேரும் சின்னப் பெட்டியில் மூன்றாவது விளக்கும் பச்சையாக எரிந்தது. கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். சுவரோடு பேசுவது போல் இருந்தது.

விளக்கு எரிகிறதே, அப்புறம் ஏன் பேசவில்லை? தன் கைத் தப்பு என்றுதான் நினைத்தாள். கேபிள் முனையை வெட்டி வெட்டி ஏழு தடவை புதிதாகப் போட்டாள். லினக்சை அடியோடு எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். செவ்வாய் போனது, புதன் போனது.

நர்ஸக்கா பிளாஸ்திரியைக் கிழித்தாள். “கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்குதுல்ல, இதுக்கு மூத்தார்னு பேரு வெச்சுடுவோம்.” பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது இயந்திரத்தின் நெற்றியிலும் பெயர் ஏறியது.

அன்றைக்கு மாலையே நிஜ மூத்தார் வந்துவிட்டார். நல்லவேளை, முன்னறையோடு நின்றார். சுவரில் ஓடும் கேபிளையும், மூடி கழற்றிக் கிடந்த இயந்திரத்தையும் பார்த்தார்.

“என்னம்மா இது, குடலை உருவிப் போட்டிருக்கே.”

“ஒரு கார்டு மட்டும் மக்கர் பண்ணுது, பெரியத்தான்.”

“கார்டு மக்கர் பண்ணல. ஓசியில கெடச்சத வெச்சு ஒப்பேத்தப் பாக்கறே, அதான். சரி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ.” தம்பியையும் சேர்த்துப் பார்த்தார். “சனிக்கிழமை அந்த மேனேஜர் வர்றப்ப நானும் வர்றேன். அவங்க ஒத்துக்கிட்டாங்கன்னா நான் வாயத் தொறக்கல. ஒத்துக்கலன்னா, பாப்பா அன்னிக்கே என்கூட வர்றா. அங்க அவ பெரியண்ணி ஒத்த ஆளா அல்லாடறா. ரெண்டு வாரம்னு வந்தவ அஞ்சு மாசம் ஆச்சு.”

பாப்பா விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பூதக்கண்ணாடி முந்திக்கொண்டாள்.

“சரி, பெரியத்தான். சனிக்கிழமை வாங்க. டீ போட்டு வெக்கறேன்.”

அவர் போன பிறகு பாப்பா மெதுவாகக் கேட்டாள். “அண்ணி, துணிய எடுத்து வெச்சுக்கவா?”

“எதுக்கு? தொவைக்கவா?”

“இல்ல… ஒருவேள…”

“ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. போய் அடி. நேத்து நீ பழகறதுக்கு அடிச்சதுல விலா எலும்பு ஒண்ணு காணோம்னு நர்ஸக்கா தேடிக்கிட்டிருக்காங்க.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்றைக்கு ராத்திரி பின்கட்டு விளக்கை அவள் அணைக்கவே இல்லை.

வியாழக்கிழமை காலை, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். மருமகளின் கார்டைக் கழற்றி மூத்தாரில் மாட்டினாள். மூத்தாரின் கார்டை மருமகளில் மாட்டினாள். கூப்பிட்டாள். மூத்தார் உடனே பதில் சொன்னார். மருமகள் ஊமையாகிவிட்டாள்.

கேபிள் இல்லை. லினக்ஸ் இல்லை. தன் கையும் இல்லை. மூன்று நாள் தன்னையே திட்டிக்கொண்டிருந்ததை நினைத்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கார்டையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே பச்சைப் பலகை, அதே அளவு. நடுவில் கறுப்பாக ஒரு சில்லு, அதன் முதுகில் எறும்புக்கால் மாதிரி எழுத்து. தையல் டப்பாவில் பூதக்கண்ணாடி கிடந்தது. வைத்துப் பார்த்தாள். எண் வேறு. ஒன்று பட்டியலில் முப்பத்தோராம் பக்கத்தில் இருப்பது. இன்னொன்று நாற்பது பக்கத்திலும் இல்லாதது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். விலைச்சீட்டுக்கு அடியில் கோடுகோடாக இருக்குமே, அதற்கும் கீழே, கடுகில் பாதி அளவில், மூன்றாவது மாதிரி என்று போட்டிருந்தது. பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஆளை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை, கடை ஷட்டர் பாதி ஏறும்போதே வாசலில் நின்றாள். கையில் கார்டு, தைத்த பட்டியல், பூதக்கண்ணாடி.

“பிரிச்ச பெட்டிய திருப்பி எடுக்கறதில்லம்மா. போர்டே மாட்டியிருக்கேன் பாருங்க,” என்றார் கடைக்காரர்.

“போர்டப் படிச்சேன். கார்டு கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லலையே.”

“பின்ன?”

“போன வாரம் குடுத்த ஆளு வேற, இந்த வாரம் குடுத்த ஆளு வேற. சட்டை மட்டும் ஒண்ணு.”

அவர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். “அதே கம்பெனி, அதே பேரு.”

“போட்டோவுல அண்ணனக் காட்டிட்டு கல்யாணத்தன்னிக்குத் தம்பியக் கொண்டாந்து நிறுத்தினா நீங்க சும்மா இருப்பீங்களா? பேரு, குடும்பம் எல்லாம் ஒண்ணுதானேன்னு சொல்லுவீங்களா?”

“விண்டோஸ் போடுங்க. ஓடும். ஊரே அதத்தான் போடுது.”

“ஊரு போடட்டும். என் வீட்டுல எது ஓடணும்னு நான்தானே சொல்லணும்.”

“அப்ப என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“சரி, மத்த பெட்டியப் பிரிச்சுக் காட்டுங்க. பழைய மாதிரி எதுலயாவது இருக்கான்னு பாத்துக்கறேன்.”

“வாங்கறதுக்கு முன்னாடி பிரிக்கக் கூடாது.”

“வாங்கின பின்னாடி பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டீங்க. வாங்கறதுக்கு முன்னாடி பிரிக்க விட மாட்டீங்க. உள்ள என்ன இருக்குன்னு நான் கனவு கண்டுதான் தெரிஞ்சுக்கணுமா?”

கடைக்காரர் வேறு ஆளைக் கவனிக்கத் திரும்பிக்கொண்டார். போய்விடுவாள் என்று நினைத்தார் போல. அவள் ஓரத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலமாரியில் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் இருக்கும் எறும்பெழுத்தைக் கண்ணாடி வைத்துப் படித்து, பட்டியலில் ஒத்துப் பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஒன்றையும் பிரிக்கவில்லை. யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. வாடிக்கையாளர்கள் நின்று பார்த்தார்கள். கண்ணாடி போட்ட வாத்தியார் ஒருவர், “என்னம்மா பாக்கறீங்க?” என்றார். சொன்னாள். அவரும் தன் கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடுத்து வந்தவரும் திருப்பிப் பார்த்தார். மதியத்துக்குள் கடைக்கு வந்த ஒருத்தர் விடாமல் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, “உள்ள எது இருக்கு?” என்று கடைக்காரரைக் கேட்க ஆரம்பித்தார்கள். அவருக்கு எப்படித் தெரியும்?

“ஏம்மா, நீங்க என் கடையில வேலைக்குச் சேந்துட்டீங்களா?”

“சம்பளம் என்ன தருவீங்கன்னு சொல்லுங்க, யோசிக்கறேன்.”

பின்பக்கத் திரைக்கு அந்தாண்டை ரிப்பேர்காரர் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மனுஷர், சிரிப்பை அடக்க முடியாமல் ஒரு பிஸ்கட் டின்னோடு வெளியே வந்தார். உள்ளே, செத்துப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய கார்டுகள்.

“இதெல்லாம் தூக்கிப் போடத்தான் வெச்சிருக்கேன். வேணும்னா கெளறிப் பாருங்க.”

மேசை மேல் கொட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழு கார்டு. பதினாறு இல்லை. கடைசி ஒன்றில் ஒட்டடை அடையாய் அப்பியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுக் கண்ணாடியை வைத்தாள். முப்பத்தோராம் பக்கத்து எண். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

தான் வாங்கிய புதுக் கார்டைப் பெட்டியோடு கடைக்காரர் பக்கம் நகர்த்தினாள்.

“மாத்திக்கலாமா?”

கடைக்காரர் அவளையும் ஒட்டடைக் கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். “புதுசக் குடுத்துட்டு குப்பைய வாங்கறீங்கம்மா.”

“உங்களுக்கு அது புதுசு. எனக்கு இது பேசற ஆளு. மாத்திக்கறீங்களா, இல்ல நான் சாயங்காலம் வரைக்கும் உக்காரட்டுமா?”

“எடுத்துட்டுப் போங்க தாயே.”

அவள் தெருமுனை திரும்பினாளோ இல்லையோ, “பூதக்கண்ணாடி போயிடுச்சா, எட்டிப் பாருய்யா” என்றாராம் கடைக்காரர். ரிப்பேர்காரரின் மனைவி வேறு யாருமில்லை, பெரிய மாமாவின் சம்பந்தி வீட்டுப் பெண். அன்றைக்கு அவர் வீட்டில் சொன்னது சொந்தத்தில் ஒரு சுற்று சுற்றி, ஆஸ்பத்திரி வராந்தா வரைக்கும் வந்துவிட்டது.

சனிக்கிழமை ஒன்பதரைக்கே மூத்தார் வந்தார். பின்னால் ஓர் ஆள் தலையில் பெரிய அட்டைப்பெட்டி. புத்தம்புதுப் பிரிண்டர். யாரும் கேட்கவில்லை, அவராகவே வாங்கியிருந்தார். “அந்த எருமையக் காட்டினா மேனேஜர் ஓடிடுவாங்க. எங்க தம்பி வீட்டுக்கு நான் இதுகூடச் செய்யலன்னா எப்படி?” என்றார். குரலில் பெருமைதான் இருந்தது, கள்ளம் இல்லை. அதுதான் பூதக்கண்ணாடிக்குச் சங்கடமாகப் போனது. அவர் டேப்பைக் கிழிக்க நகத்தை வைப்பதற்கும் மேனேஜரம்மா வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கும் சரியாக இருந்தது.

“பெரியத்தான், ஒரு நிமிஷம்.” அவள் பெட்டியைச் சாய்த்து அடியில் படித்தாள். பிறகு பட்டியலைப் புரட்டினாள். அந்த வகைப் பிரிண்டருக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது; எழுத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதைக்கூட விண்டோஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். பட்டியலில் அதன் எதிரே பெருக்கல் குறி போட்டிருந்தது.

“இதப் பிரிக்காதீங்க. இங்க ஓடாது.”

“என்னது?”

“எங்க மிஷினுக்கு ஒத்துக்காது.”

“நான் வாங்கிக் குடுத்தது உனக்கு ஒத்துக்காதா?” மூத்தாரின் முகம் சிவந்தது. வெளியாள் முன்னால் தம்பி பெண்டாட்டி அவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னது அந்த வம்சத்திலேயே முதல் தடவை. கணவர் அண்ணனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லி வாங்கி ஓர் ஓரமாக வைத்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. வாங்கி வைத்தால், மேனேஜர் அதில்தான் அடித்துக் காட்டச் சொல்வாள், அது அடிக்காது, பாப்பா மூட்டை கட்டுவாள்.

“உங்களுக்கு இல்லன்னு சொல்லல, பெரியத்தான். பெட்டிக்கு இல்லன்னு சொல்றேன். உக்காருங்க, டீ வருது.”

மேனேஜரம்மா எதையும் கவனிக்காதது போல் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே உள்ளே நடந்தாள். பின்கட்டு அறையில் நின்றாள்.

“இது என்ன, மூத்தார்னு எழுதியிருக்கு?”

மூத்தார் எழுந்து வந்து நெற்றிப் பிளாஸ்திரியைத் தாமே படித்தார். நர்ஸக்காதான் தொண்டையைச் செருமினாள். “முதல்ல கூப்பிட்டா பதிலே சொல்லல. இப்பச் சொல்றாரு.”

“சரி,” என்றாள் மேனேஜரம்மா. உதடு ஒரு பக்கம் மட்டும் லேசாக அசைந்தது. “வெளியிலேருந்து வர்ற லைனக் கழட்டுங்க. வீட்டுக்குள்ளயே ஓடுதான்னு பாக்கணும்.”

கணவர் டெலிபோன் வயரைப் பிடுங்கினார். மேனேஜரம்மா தன் பையிலிருந்து ஒரு பதிவை எடுத்து மாமியாரில் போட்டாள். பாப்பா முன்னறையில் அதைக் காதில் கேட்டு அடித்தாள். அவள் அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்கட்டில் நர்ஸக்கா அதைத் திறந்து திருத்தினாள். டிஸ்க் இல்லை, கைமாற்றம் இல்லை. மேனேஜரம்மா இரண்டு அறைக்கும் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லினக்ஸ் டிஸ்க்கோடு வந்த அனுமதித் தாளை ஒரு வரி விடாமல் படித்தாள். “காப்பி பண்ணலாம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

கடைசியில் பிரிண்டர். எருமைக்கன்று சூடேற நேரம் எடுத்துக்கொண்டது. உறுமியது. நின்றது. மூத்தார் தன் அட்டைப்பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி உறுமி, தாளை வெளியே தள்ளியது. மேனேஜரம்மா படித்துவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“மூணு மாசம் பாக்கறேன். திங்கக்கிழமைலேருந்து அனுப்பறேன்.” டீயைக் குடிக்காமலே போய்விட்டாள்.

“அப்ப இத என்ன பண்றது?” என்றார் மூத்தார், பெட்டியைத் தட்டி.

“கடையிலயே திருப்பிக் குடுத்துடுங்க. பிரிக்கல இல்ல, எடுத்துக்குவாங்க.”

“மூணு மாசம்தானே சொன்னாங்க. அதுக்கப்புறம்?” அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். “பாப்பா, நீ சொல்லு. அங்க உனக்கு என்ன கொறச்சல் வெச்சோம்?”

பாப்பா காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். ஊன்றுகோலை எடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“கொறச்சல்னு சொல்லல அண்ணா. எனக்குத் திங்கக்கிழமைலேருந்து வேல இருக்கு. நான் வரலன்னு பெரியண்ணிகிட்ட சொல்லிடுங்க.”

மூத்தார் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பதினான்கு மாதம் அந்த வீட்டுப் படியேறவில்லை. பிறகு வந்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் பேசவில்லை. நர்ஸக்கா மட்டும் பிளாஸ்திரியை மாற்ற மறுத்துவிட்டாள்.

மூன்று மாதம் என்றது வருஷக்கணக்கில் நீண்டது. பழைய இயந்திரங்கள் போய் வேறு வந்தன, நான்கானது, ஐந்தானது. ஒவ்வொன்றையும் வாங்கும்போது அவள் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னாள். காட்டாத கடையில் வாங்கவில்லை. சொந்தத்தில் யாராவது, “விண்டோஸ் போட்டா இத்தன தொல்ல இல்லையே” என்று கேட்டால், “தொல்லயா? எனக்கா, கடைக்காரருக்கா?” என்பாள். நர்ஸக்கா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

பூதக்கண்ணாடிக்கு இப்போது அறுபத்திமூன்று வயது. அதே வீட்டில், கணவரோடும் நாத்தனாரோடும் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, பின்கட்டு அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் சரிபார்க்கிறாள்.